கல்லூரி ஆசிரியர் நன்றாக நடத்துகிறாரா? அடுத்த செமஸ்டரைப் பாருங்கள்

செமஸ்டர் முடிகிற நேரத்தில் மாணவர்களின் போனுக்கு ஒரு லிங்க் வரும். பாடத்தைத் தெளிவாக விளக்கினாரா, சந்தேகம் கேட்டால் பதில் சொன்னாரா, மொத்தத்தில் இந்த ஆசிரியருக்கு ஐந்துக்கு எவ்வளவு தருவீர்கள் என்று பத்துப் பதினைந்து கேள்விகள். இரண்டு நிமிடத்தில் தட்டிவிட்டு மாணவர்கள் வேறு வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். அந்தப் பதில்களின் சராசரியாக வரும் 4.2, 3.7 போன்ற எண்தான் உலகெங்கும் பல கல்லூரிகளில் ஓர் ஆசிரியரின் திறமைக்குச் சான்றாக நிற்கிறது. பணி நிரந்தரம், பதவி உயர்வு, ஒப்பந்த நீட்டிப்பு ஆகியவற்றைத் தீர்மானிக்கும்போது அந்த எண்ணும் மேஜையில் இருக்கும்.

இது புதிய பழக்கம் அல்ல. அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தில் ஹெர்மன் ரெம்மர்ஸ் என்ற உளவியலாளர் 1920களிலேயே ஆசிரியர்களை மாணவர்கள் மதிப்பிடும் படிவத்தை உருவாக்கிவிட்டார். ஏறக்குறைய நூறு ஆண்டுகளாக மாணவர்கள் நிரப்புகிறார்கள், நிர்வாகம் சராசரி போடுகிறது.

நம் ஊர்க் கல்லூரிகளில் இதோடு இன்னொரு எண்ணும் சேர்ந்துகொள்ளும். அதுதான் ரிசல்ட். "உங்க சப்ஜெக்ட்ல எத்தனை பர்சென்ட் பாஸ்?" என்ற கேள்வியைக் கேட்காத துறைத் தலைவர் அரிது. 90 என்றால் பாராட்டு, 55 என்றால் விளக்கம் எழுதித் தர வேண்டும்.

இந்த இரண்டு எண்களும் ஆசிரியர் கற்றுக்கொடுத்ததை உண்மையிலேயே அளக்கின்றனவா? பொருளாதார நிபுணர்களும் இயற்பியல் பேராசிரியர்களும் இதை மெனக்கெட்டுச் சோதித்திருக்கிறார்கள். கிடைத்த விடை, கல்லூரியில் படிக்கிற, படித்த, பாடம் நடத்துகிற எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று.

முதலில், எதை அளக்க வேண்டும் என்று தெளிவாக்கிக்கொள்வோம். மாணவருக்கு இப்போது எவ்வளவு தெரியும் என்பது கேள்வி அல்ல. இந்த ஆசிரியர் நடத்தியதால் எவ்வளவு கூடியது என்பதுதான் கேள்வி. ப்ளஸ் டூவில் கணக்கில் 95 வாங்கிய பிள்ளைகளை ஒரு பிரிவில் சேர்த்துவிட்டால், யார் நடத்தினாலும் அந்தப் பிரிவின் ரிசல்ட் நன்றாகத்தான் இருக்கும். தமிழ் வழியில் படித்து, முதல் முறையாக ஆங்கிலப் பாடப்புத்தகத்தைக் கையில் எடுக்கும் பிள்ளைகள் நிறைந்த வகுப்பில் 60 சதவீதம் தேர்ச்சி வந்தால், அதற்குப் பின்னால் அபாரமான உழைப்பு இருக்கலாம். தேர்ச்சி விகிதம் மட்டும் பார்ப்பவருக்கு அது தெரியாது.

இதைச் சரிசெய்ய ஓர் எளிய வழி உண்டு. பாடம் தொடங்கும் முன் ஒரு தேர்வு, முடிந்ததும் அதே தேர்வு. ஒரு வகுப்பின் சராசரி 70இலிருந்து 80க்குப் போகிறது. இன்னொரு வகுப்பு 30இலிருந்து 55க்குப் போகிறது. முதல் வகுப்பு மேலே ஏற மீதி இருந்தது 30 மதிப்பெண். அதில் 10 ஏறியிருக்கிறது, அதாவது 0.33. இரண்டாவது வகுப்புக்கு மீதி 70. அதில் 25 ஏறியிருக்கிறது, அதாவது 0.36. ரிசல்ட் பட்டியலில் முதல் வகுப்புதான் மேலே இருக்கும். ஆனால் கற்றுக்கொள்ள மீதம் இருந்ததில் எவ்வளவு கற்றார்கள் என்று பார்த்தால், இரண்டாவது வகுப்பு ஒரு படி முன்னால்.

இந்தக் கணக்கைப் பரவலாக்கியவர் ரிச்சர்ட் ஹேக் என்ற அமெரிக்க இயற்பியலாளர். 1998இல் அவர் வெளியிட்ட கட்டுரையில் 62 வகுப்புகள், ஆறாயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட மாணவர்கள். ஆசிரியர் பேச, மாணவர் கேட்க என்று நடந்த வகுப்புகளில் இந்த ஏற்றம் சராசரியாக 0.23. மாணவர்களைப் பேசவும் விவாதிக்கவும் வைத்த வகுப்புகளில் 0.48.

அவர் பயன்படுத்திய கேள்வித்தாளைப் பற்றியும் சொல்ல வேண்டும். அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தில் 1992இல் உருவான அதில் சுமார் 30 கேள்விகள். கணக்குப் போட வேண்டியதே இல்லை. ஒரு பெரிய லாரியும் சின்னக் காரும் நேருக்கு நேர் மோதுகின்றன, எது எதன் மீது அதிக விசையைச் செலுத்துகிறது என்பது அதில் ஒரு கேள்வி. நியூட்டனின் மூன்றாம் விதியை எல்லாரும் ஒப்பித்துவிடுவார்கள்: ஒவ்வொரு விசைக்கும் சமமான எதிர்விசை உண்டு. ஆனால் லாரி, கார் என்று கேட்டதும், விதி மறந்துபோய், "லாரிதான் அதிகம்" என்று எழுதுவார்கள். இரண்டும் சமம் என்பதே சரியான விடை. கார் நசுங்குவதற்குக் காரணம் அதன் நிறை குறைவு, கட்டுமானம் வேறு, அவ்வளவுதான்.

ஹார்வர்டில் இயற்பியல் நடத்திய எரிக் மசூருக்கு மாணவர்கள் நல்ல மதிப்பீடு தந்துவந்தார்கள். கடினமான கணக்குகளையும் அவருடைய மாணவர்கள் போட்டார்கள். 1990 வாக்கில் இந்த மாதிரி அடிப்படைக் கேள்விகளை அவர் வகுப்பில் கொடுத்தபோது ஒரு மாணவர் கேட்டாராம்: "நீங்கள் சொல்லிக்கொடுத்தபடி எழுதட்டுமா, அல்லது நான் இதைப் பற்றி நினைக்கிறபடி எழுதட்டுமா?" தான் நன்றாக நடத்துவதாக நம்பிக்கொண்டிருந்த மசூர், அதன்பிறகு தன் பாடமுறையையே மாற்றினார். படிவமும் தேர்வும் நன்றாக வந்த இடத்தில்கூடக் கற்றல் நடக்காமல் இருக்கலாம் என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

முன்–பின் தேர்விலும் ஒரு ஓட்டை உண்டு. பாடம் முடிந்த வாரத்தில் தெரிந்தது ஆறு மாதம் கழித்தும் தெரியுமா? தேர்வுக்காகவே தயார் செய்த வகுப்பையும், பாடத்தை உள்ளே இறக்கிய வகுப்பையும் அந்த வாரத்தில் பிரித்துப் பார்க்க முடியாது. பிரித்துப் பார்க்க ஒரு வழி, அடுத்த பாடம் வரை காத்திருப்பது.

இங்கேதான் அமெரிக்க விமானப்படை அகாடமி வருகிறது. கொலராடோ ஸ்பிரிங்ஸ் நகரத்தில் இருக்கும் இந்த நிறுவனம் ராணுவ அதிகாரிகளை உருவாக்குவது. ஆனால் பாடங்களைப் பொறுத்தவரை அது ஒரு முழுமையான கல்லூரி. ஸ்காட் கேரல், ஜேம்ஸ் வெஸ்ட் என்ற இரு பொருளாதார நிபுணர்கள் அங்கே 2000 முதல் 2007 வரை படித்த பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்களின் பதிவுகளை எடுத்து ஆராய்ந்து, 2010இல் முடிவுகளை வெளியிட்டார்கள்.

ஏன் அந்த இடம்? சாதாரணக் கல்லூரியில் இதை ஆராய விடாமல் தடுக்கிற எல்லாச் சிக்கலும் அங்கே இல்லை. "இவர் ஈஸியா மார்க் போடுவார்" என்று மாணவர்கள் ஆசிரியரைத் தேடிப் போக முடியாது. யார் எந்தப் பிரிவு என்பது கிட்டத்தட்டக் குலுக்கல் போலத்தான் முடிவாகும். ஆகவே எல்லாப் பிரிவிலும் எல்லா வகை மாணவர்களும் கலந்திருப்பார்கள். ஒரே பாடத்தை நடத்தும் எல்லா ஆசிரியர்களுக்கும் ஒரே பாடத்திட்டம், ஒரே கேள்வித்தாள், ஒரே நேரத்தில் தேர்வு. கணிதத்தில் திருத்துவதைக்கூடப் பங்குபோட்டுக்கொள்வார்கள். முதல் கேள்வியை எல்லாப் பிரிவு மாணவர்களுக்கும் ஓர் ஆசிரியரே திருத்துவார், இரண்டாவது கேள்வியை இன்னொருவர். தன் வகுப்புப் பிள்ளைகளுக்கு மட்டும் தாராளமாகப் போட வழியில்லை. முக்கியமாக, முதல் கால்குலஸ் பாடத்தை முடித்தவர்கள் எல்லாரும் அடுத்த கால்குலஸ், பொறியியல் பாடங்களைக் கட்டாயம் படிக்க வேண்டும். கணக்கு வேண்டாம் என்று ஒதுங்கிப் போக முடியாது.

இப்படிப்பட்ட இடத்தில், முதல் கால்குலஸ் பாடத்தை நடத்திய ஒவ்வோர் ஆசிரியருக்கும் அவர்கள் இரண்டு கணக்குகள் போட்டார்கள். ஒன்று, அவருடைய மாணவர்கள் அந்தப் பாடத்தின் தேர்வில் எதிர்பார்த்ததைவிட எவ்வளவு கூடுதலாக வாங்கினார்கள் என்பது. இன்னொன்று, அதே மாணவர்கள் வேறு ஆசிரியர்களிடம் படித்த அடுத்தடுத்த பாடங்களில் எப்படிச் செய்தார்கள் என்பது.

இரண்டும் ஒரே திசையில் போகும் என்றுதான் யாரும் நினைப்போம். அப்படிப் போகவில்லை. அனுபவம் குறைந்த, முனைவர் பட்டம் இல்லாத ஆசிரியர்களின் மாணவர்கள் முதல் பாடத்தின் தேர்வில் நன்றாகச் செய்தார்கள். அனுபவமும் முனைவர் பட்டமும் உள்ளவர்களின் மாணவர்கள் அந்தத் தேர்வில் சற்றுப் பின்தங்கினார்கள். ஆனால் அடுத்த பாடங்களுக்குப் போனதும் நிலைமை தலைகீழ். அனுபவசாலிகளிடம் படித்தவர்கள் முன்னுக்கு வந்தார்கள்.

மாணவர்களின் மதிப்பீடு? முதல் பாடத்தில் நல்ல மதிப்பெண் வாங்கித் தந்தவர்களுக்கு அது உயர்ந்திருந்தது. அடுத்த பாடங்களில் மாணவர்களை நன்றாகச் செய்யவைத்தவர்களுக்குத் தாழ்ந்திருந்தது.

ஒவ்வோர் ஆசிரியராலும் ஏற்படும் வித்தியாசம் பெரிய அளவு அல்ல, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் வித்தியாசம் எந்தப் பக்கம் சாய்கிறது என்பதுதான் இங்கே விஷயம். ஏன் இப்படி என்பதற்கு ஆய்வாளர்கள் சொல்லும் ஒரு சாத்தியமான காரணம்: புதியவர்கள் பாடத்திட்டத்தையும் தேர்வையும் ஒட்டியே நடத்துகிறார்கள், அனுபவசாலிகள் தேர்வுக்கு வராததையும் தொட்டு, ஏன் எப்படி என்று விளக்குகிறார்கள். அதன் பலன் தேர்வு நாளில் தெரியாது.

இது ராணுவப் பயிற்சி நிலையத்துக்கு மட்டும் பொருந்துகிற விஷயமா என்றால், இல்லை. இத்தாலியின் மிலான் நகரில் உள்ள போக்கோனி பல்கலைக்கழகத்திலும் மாணவர்களைக் குலுக்கல் முறையில் வகுப்புகளுக்குப் பிரித்த காலத்துப் பதிவுகளை வைத்து மூன்று ஆய்வாளர்கள் இதே கணக்கைப் போட்டார்கள். 2014இல் வெளியான அவர்களுடைய முடிவும் இதே பக்கம்தான். அடுத்த பாடங்களில் மாணவர்களை உயர்த்திய ஆசிரியர்களுக்கு மாணவர்கள் குறைவான மதிப்பீடு தந்திருந்தார்கள். நல்ல தயாரிப்போடு வந்த மாணவர்கள் அதிகமாக இருந்த வகுப்புகளில் மட்டும் இந்த முரண் காணாமல் போனது. கூடவே ஒரு விஷயம்: படிவம் நிரப்பிய நாளில் வெயில் இதமாக இருந்தால் மதிப்பீடு கூடியது, மழை பெய்தால் குறைந்தது. வானிலைக்கு ஆசிரியர் என்ன செய்வார்?

மாணவர்கள் பொய் சொல்கிறார்கள் என்று யாரும் முடிவுகட்ட வேண்டாம். தாங்கள் உணர்ந்ததைத்தான் எழுதுகிறார்கள். எவ்வளவு கற்றோம் என்பதை அந்த நேரத்தில் நம்மால் சரியாக உணர முடிவதில்லை, அதுதான் சிக்கல். ஹார்வர்டில் இதை நேரடியாகச் சோதித்து 2019இல் எழுதினார்கள். அறிமுக இயற்பியல் மாணவர்களை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு அனுபவமுள்ள ஆசிரியர் சரளமாக, அழகாக விரிவுரை நிகழ்த்தினார். மறுபாதி அதே பாடத்தை, அதே குறிப்புத்தாளை வைத்துக்கொண்டு, சின்னக் குழுக்களாகத் தாங்களே கணக்குகளோடு மல்லுக்கட்டியது. அடுத்த வகுப்பில் இரண்டு பாதிகளையும் மாற்றிப் போட்டார்கள். கையோடு ஒரு தேர்வு, கூடவே "எவ்வளவு கற்றதாக நினைக்கிறீர்கள்?" என்ற கேள்வி. தேர்வில் அதிகம் வாங்கியவர்கள் மல்லுக்கட்டியவர்கள். அதிகம் கற்றதாக உணர்ந்தவர்கள் விரிவுரை கேட்டவர்கள்.

யோசித்துப் பார்த்தால் இது நமக்கும் பழக்கமானதுதான். சரளமாகப் பேசும் ஒருவரைக் கேட்கும்போது எல்லாம் புரிந்துவிட்ட மாதிரி இருக்கும். நாமே எழுதிப் பார்க்கும்போது தடுமாறுகிறோம், திணறுகிறோம். அந்தத் திணறலைத்தான் பல மாணவர்கள் "சார் சரியா நடத்தல" என்று எழுதிவிடுகிறார்கள். உண்மையில் அந்தத் திணறலில்தான் படிப்பு நடந்துகொண்டிருக்கிறது.

இன்னொரு சிக்கல் கசப்பானது. வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஆன்லைனில் நடந்த ஒரு பாடத்தில், மாணவர்கள் முகம் பார்க்காத இரண்டு துணை ஆசிரியர்கள் இருந்தார்கள். ஒருவர் ஆண், ஒருவர் பெண். ஒவ்வொருவரும் ஒரு குழுவுக்கு ஆண் பெயரிலும், இன்னொரு குழுவுக்குப் பெண் பெயரிலும் அறிமுகமானார்கள். உண்மையில் நடத்தியவர் யாராக இருந்தாலும், ஆண் பெயருக்கு மதிப்பீடு கூடுதலாக வந்தது. எல்லாக் குழுக்களுக்கும் திருத்திய தாள்கள் ஒரே வேகத்தில்தான் திரும்பக் கிடைத்தன. ஆனாலும் "உடனுக்குடன் செய்கிறாரா?" என்ற கேள்விக்கு ஆண் பெயருக்கு 4.35, பெண் பெயருக்கு 3.55. நாற்பத்து மூன்று மாணவர்கள் மட்டுமே பங்கேற்ற சின்ன ஆய்வுதான் இது. ஆனாலும் தாள் கைக்கு வந்த வேகம் போன்ற கண்ணுக்குத் தெரிகிற விஷயத்திலேயே பெயர் பார்த்து மதிப்பெண் மாறுகிறது என்றால், "பாடத்தில் புலமை உள்ளவரா?" என்ற கேள்விக்கு வரும் பதிலை எப்படி நம்புவது? நம் வகுப்பறைகளில் பாலினத்தோடு ஊர், சாதி, ஆங்கில உச்சரிப்பு என்று எத்தனையோ சேர்ந்துகொள்ளும். ஒரு பெண் ஆசிரியரின் வேலை இந்த எண்ணை நம்பி முடிவாகிறது என்பது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

கனடாவின் டொராண்டோ நகரில், அப்போது ரையர்சன் என்று பெயர் கொண்ட பல்கலைக்கழகத்தில், ஆசிரியர் சங்கம் இதை நடுவர் மன்றம் வரை கொண்டுபோனது. பதவி உயர்வுக்கும் பணி நிரந்தரத்துக்கும் கற்பித்தல் திறனை அளக்க இந்த மதிப்பீடுகளைப் பயன்படுத்தக் கூடாது என்று 2018இல் தீர்ப்பு வந்தது.

பழைய ஆய்வுகள் வேறு மாதிரிச் சொல்லவில்லையா என்று கேட்கலாம். சொல்லின. நல்ல மதிப்பீடு வாங்குபவரிடம் மாணவர்கள் கூடுதலாகக் கற்கிறார்கள் என்று 1981இல் வந்த ஒரு தொகுப்பாய்வு காட்டியது, பல்லாண்டுகள் அதையே மேற்கோள் காட்டினார்கள். 2017இல் அந்தப் பழைய ஆய்வுகளையும் புதியவற்றையும் சேர்த்து மறுபடி அலசியபோது, மிகக் குறைவான வகுப்புகளை வைத்துச் செய்த ஆய்வுகளில்தான் அந்தத் தொடர்பு பெரிதாகத் தெரிந்தது, பெரிய ஆய்வுகளில் அது ஏறக்குறைய மறைந்துவிட்டது.

சராசரியைப் பற்றியும் ஒரு வார்த்தை. 60 பேர் வகுப்பில் 9 பேர் மட்டும் படிவம் நிரப்பினார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஏழு பேர் 4, இரண்டு பேர் 5 தருகிறார்கள். சராசரி 4.2. அந்த 5 தந்த இருவரில் ஒருவர், இன்டர்னல் மார்க் குறைந்த கோபத்தில் 1 போட்டுவிட்டால் சராசரி 3.8. ஒரே ஒரு மாணவரின் ஒரு நாள் கோபம். இதை வைத்துக்கொண்டு 4.2 வாங்கியவர் 3.8 வாங்கியவரைவிடச் சிறந்தவர் என்று சொல்வதற்குக் கணக்கில் இடமே இல்லை.

அப்படியானால் மாணவர்களிடம் எதுவுமே கேட்க வேண்டாமா? நிச்சயம் கேட்க வேண்டும். அவர்கள் கண்ணால் பார்த்ததை அவர்களைவிட நன்றாகச் சொல்ல யாராலும் முடியாது. ஆசிரியர் வகுப்புக்கு நேரத்துக்கு வந்தாரா, எத்தனை யூனிட் முடித்தார், திருத்திய தாளைத் தந்தாரா, கேள்வி கேட்டவரை எல்லார் முன்னாலும் அவமானப்படுத்தினாரா? கல்லூரிகளை மதிப்பிடும் நாக் அமைப்பு மாணவர்களிடம் நடத்தும் கருத்துக் கணிப்பில், பாடத்திட்டத்தில் எவ்வளவு நடத்தப்பட்டது என்று கேட்கிறார்கள். நல்ல கேள்வி. ஆசிரியர்கள் வகுப்புக்கு எவ்வளவு நன்றாகத் தயாரித்துக்கொண்டு வந்தார்கள் என்றும் கேட்கிறார்கள். இதை மாணவர் எப்படி அறிவார்? அவரால் ஊகிக்கத்தான் முடியும்.

இப்போது நம் பக்கம் வருவோம். கொலராடோவில் இருந்த வசதிகளில் பாதி தமிழ்நாட்டில் ஏற்கெனவே இருக்கிறது. பல்கலைக்கழகத்தோடு இணைந்த கல்லூரிகளில் கேள்வித்தாள் பொதுவானது. விடைத்தாளுக்கு டம்மி நம்பர் போட்டு, வேறு எங்கோ ஒரு முகாமில் யாரோ திருத்துகிறார்கள். நடத்தியவர் தன் மாணவருக்குக் கூடுதலாகப் போட முடியாது. பொறியியலில் முதல் செமஸ்டர் கணிதப் பாடமான எம்–1 முடித்தவர்கள் எல்லாரும் அடுத்த செமஸ்டர் கணிதமான எம்–2 படித்தே ஆக வேண்டும். பல கல்லூரிகளில் ஏ, பி, சி பிரிவுகளைச் சேர்க்கை எண் அல்லது பெயர் வரிசைப்படிதான் பிரிக்கிறார்கள், மாணவர் ஆசிரியரைத் தேர்ந்தெடுப்பதில்லை.

அப்படிப்பட்ட ஒரு கல்லூரியில் இதை எப்படிச் செய்வது? ப்ளஸ் டூ கணித மதிப்பெண்ணைத் தொடக்க நிலையாக எடுத்துக்கொள்ளுங்கள். ப்ளஸ் டூவில் 70 வாங்கியவர்கள் அந்தக் கல்லூரியில் எம்–2வில் சராசரியாக 58 வாங்குகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். 70 வாங்கி, எம்–1ஐக் குறிப்பிட்ட ஒருவரிடம் படித்த மாணவி எம்–2வில் 63 வாங்கினால், எதிர்பார்த்ததைவிட 5 கூடுதல். இப்படி அவரிடம் படித்த எல்லாருக்கும் போட்டுச் சராசரி எடுத்தால், அந்த ஆசிரியர் அடுத்த பாடத்துக்குச் சேர்த்து அனுப்பியது எவ்வளவு என்று தெரியும். எக்செல் தெரிந்த யாராலும் ஒரு மாலையில் முடிக்கக்கூடிய கணக்கு.

சில இடங்களில் கவனமாக இருக்க வேண்டும். ஓராண்டை மட்டும் வைத்து எதையும் சொல்லக் கூடாது, மூன்று நான்கு ஆண்டுகளைச் சேர்த்தால்தான் எண் நிலைக்கும். எம்–1இல் அரியர் வைத்தவர்களைக் கணக்கிலிருந்து விட்டுவிடக் கூடாது. விட்டுவிட்டால், பலவீனமான பிள்ளைகளைக் கைவிட்டவர்தான் பட்டியலில் மேலே வருவார். மதிப்பெண் பார்த்துப் பிரிவு பிரிக்கும் கல்லூரியில் இந்தக் கணக்கு அப்படியே செல்லாது. பிரிக்கும் முறையை ஒரு தொகுதி மாணவர்களுக்காவது மாற்றிப் பார்க்க வேண்டும். தன்னாட்சிக் கல்லூரிகளில் நடத்தியவரே கேள்வித்தாள் எடுத்து அவரே திருத்துகிற பாடங்களுக்கும் இது பொருந்தாது, அங்கே எல்லாப் பிரிவுக்கும் பொதுவான தாள் முதலில் வர வேண்டும்.

எண் வந்ததும் அது முதலில் போக வேண்டியது அந்த ஆசிரியரிடம், நிர்வாகத்திடம் அல்ல. தன் மாணவர்கள் எம்–2வில் தொகையீட்டில் தடுமாறுகிறார்கள் என்று தெரிந்தால், அடுத்த ஆண்டு எங்கே நேரம் கூட்ட வேண்டும் என்று அவரே முடிவுசெய்வார். அனுபவமுள்ள சக ஆசிரியர் ஒருவர் பின் பெஞ்சில் இரண்டு மூன்று வகுப்புகள் உட்கார்ந்து பார்த்துவிட்டுப் பேசினால் இன்னும் நல்லது. மாணவர் கருத்துப் படிவத்தையும் செமஸ்டர் முடிவிலிருந்து ஆறாவது வாரத்துக்குக் கொண்டுவந்துவிடலாம். "எந்த இடம் புரியவில்லை? எது வேகமாகப் போகிறது?" என்ற இரண்டே கேள்விகள் போதும். பதில் எழுதிய மாணவர்களுக்கே அந்த செமஸ்டரில் அதன் பலன் கிடைக்கும்.